கடைசி ஸ்டாப்ல என்ன இருக்கு

அந்த பஸ் நம்பர் ஒன்பது. மஞ்சக் கலர். அது எதுவரைக்கும் போகுதுன்னு என் பொண்டாட்டி பாக்க ஆசைப்பட்டா. நான் விடல. நடந்தது அவ்வளவுதான். ஆனா இப்படி மொட்டையா சொன்னா யாருக்கும் புரியாது. கொஞ்சம் முன்னாடிலேர்ந்து சொல்றேன்.

நான் இருபத்திரண்டு வருஷம் கப்பல்ல வேலை பாத்தவன். சரக்குக் கப்பல் இல்ல, உல்லாசக் கப்பல். மூவாயிரம் பேர் ஏறுவாங்க. சாப்பிடுவாங்க, நீச்சலடிப்பாங்க, ஆடுவாங்க, இறங்கிப் போயிடுவாங்க. அவங்கள நான் பாத்தது கிடையாது. அவங்க படுத்த விரிப்பத்தான் பாத்தேன். எனக்கு வேலை துணி துவைக்கற லாண்டரியில, அது கப்பலோட அடிவயித்துல இருக்கும், தண்ணி மட்டத்துக்கும் கீழ. ஜன்னல் கிடையாது. மெஷின் சத்தத்துல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது, அதனால நாங்க புருவத்தாலயே பேசிப்போம். என்ன எல்லாரும் 'ஷீட்டு'ன்னுதான் கூப்பிடுவாங்க. விரிப்பு மடிக்கறதுல எனக்கு ஒரு பேர் இருந்துச்சு. நாலு மூலையும் ஒண்ணா நிக்கும், சுருக்கம் இருக்காது.

அறுபத்து மூணு துறைமுகம் போயிருக்கேன். மச்சினன் வீட்டுக்கு வரப்ப எல்லாம் இதே கேலிதான்.

"மாமா, அறுபத்து மூணு ஊர் பாத்த மனுஷன். ஏதாவது ஒரு ஊரப் பத்தி சொல்லுங்க, கேப்போம்."

"ஒரு ஊர்ல பயங்கர குளிர்டா."

"எப்படி தெரியும்?"

"கம்பளி நிறைய வந்துச்சு."

அவன் சிரிப்பான். என் பொண்டாட்டி சிரிக்க மாட்டா. அடுப்படியில நின்னுட்டு, "அந்தக் கப்பல்ல வர்றவங்க மட்டும் என்னத்த பாத்தாங்களாம்?"னு கேப்பா.

அவ பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்றவ. ஒரு சின்ன கண்ணாடி ரூம், ஒரு மைக், ஒரு ஃபேன். எந்த பஸ் எங்க நிக்குது, எது வழியா போகுது, எத்தனை மணிக்கு கிளம்புதுன்னு நாள் பூரா சொல்லிட்டே இருப்பா. டிரைவருங்க எல்லாம் அவள மைக்கம்மான்னு கூப்பிடுவாங்க. மைக்கம்மா சொல்லாம எவனும் கியர் போட மாட்டான். நாலு மாசம் கழிச்சு நான் லீவுல வந்தா, முதல்ல பஸ் ஸ்டாண்டுலதான் இறங்குவேன். இறங்கினதும் ஸ்பீக்கர்ல அவ குரல் கேக்கும். யாரோ ஒரு பெரிய மனுஷி மாதிரி சுத்தமா பேசுவா. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." வீட்டுக்கு வந்தா, "ஏங்க, அந்தத் துண்ட எங்கங்க போட்டீங்க"தான்.

நூத்திப் பதினாலு ஊர் பேர் அவளுக்கு மனப்பாடம். அதுல ஒரு ஆறேழுக்குத்தான் போயிருக்கா. அந்த ஆசை அவளுக்குள்ள ஊறிப் போயிருந்துச்சு. நான் ரிட்டயர் ஆனதும் ரெண்டு பேரும் ஒரு பஸ்ல ஏறணும். எந்த ஊர்னு முடிவு பண்ணக் கூடாது. எந்த ஊர் ஜன்னல்ல நல்லா தெரியுதோ அங்க இறங்கணும். அங்க ஒரு ராத்திரி தங்கணும்.

"ஒரு ஊருக்குப் போனேன்னு சொல்லணும்னா அங்க தூங்கி எந்திரிச்சிருக்கணும்"னு சொல்லுவா. "காலைல அந்த ஊர்க் கடையில டீ குடிச்சிருக்கணும். ஒருத்தர் கிட்டயாவது வழி கேட்டிருக்கணும். உங்க கப்பல்காரங்க நாலு மணி நேரத்துல இறங்கி ஏறறது, ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கி டாக்டருக்கு முகத்த காட்டிட்டு வர்ற மாதிரி."

நான் வேலையில இருந்து நின்னப்ப கம்பெனியில ஒரு பரிசு குடுத்தாங்க. ரெண்டு பேருக்கு ஏழு நாள், பயணியா. மேல் மாடியில ரூம், ஜன்னலோட.

அவளுக்கு இஷ்டமே இல்ல. எனக்கு அது தெரியும். அவளுக்கு ஒரு மாசம் லீவு மிச்சம் இருந்துச்சு, அத சேத்து வெச்சிருந்ததே பஸ்ஸுக்காக. நான் சாப்பிடறப்ப அந்தக் கடிதத்த எடுத்து எடுத்துப் பாத்துட்டிருந்தேன். மூணாவது நாள் அவளே கேட்டா.

"மேல போய்ப் பாக்கணும்னு இருக்கு, அப்படித்தானே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"இருபத்திரண்டு வருஷம் பின்பக்க ஏணியில ஏறி இறங்கின மனுஷன். முன்பக்கப் படியில ஒரு தடவ ஏறணும்னு இருக்காதா. சொல்லுங்களேன், நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்?"

சொன்னேன்.

"சரி. இது உங்களுக்கு. அடுத்தது எனக்கு"ன்னா.

முன்பக்கப் படியில ஏறினேன். கம்பளம் விரிச்சிருந்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ரூமுக்குள்ள போனதும் நான் பண்ணின முதல் காரியம், படுக்கை விரிப்போட மூலைய தூக்கிப் பாத்தது.

"நம்ம பசங்க மடிப்புதான். ஆனா அவசரத்துல மடிச்சிருக்கானுங்க."

"வீட்டுல ஒரு விரிப்ப மடிக்க வாங்கன்னா ஆயிரம் சாக்கு சொல்லுவீங்க"ன்னு அவ இன்னொரு முனைய பிடிச்சா. ரெண்டு பேரும் சேந்து அத பிரிச்சு மடிச்சுப் போட்டோம். யாராவது பாத்திருந்தா பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க.

ரெண்டு நாள் வெறும் கடல். அவ ஜன்னல் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தா.

"எப்படி இருக்கு?"ன்னேன்.

"தண்ணி."

"அது தெரியுது."

"நேத்து பாத்த தண்ணியா, இன்னைக்குப் புதுத் தண்ணியான்னு தெரியலங்க. பஸ்ஸுன்னா ஒரு மரமாச்சும் பின்னாடி போகும்."

மூணாவது நாள் அந்தத் துறைமுகம் வந்துச்சு. பேர் சொல்லி ஒண்ணும் ஆகப் போறதில்ல. ஒரு மேடு, மேட்டுமேல வீடுங்க, கீழ கடைத்தெரு, கரையோரம் ஒரு பஸ் நிறுத்தம். மத்தவங்க எல்லாம் கப்பல்காரங்க ஏற்பாடு பண்ணின ஏசி வண்டியில ஏறி, கொடி பிடிச்ச ஆள் பின்னாடி போனாங்க. இவ நேரா பஸ் நிறுத்தத்துக்குப் போயிட்டா. தண்ணியில விட்ட மீன் மாதிரி ஆயிட்டா. அங்க ஒட்டியிருந்த டைம் டேபிள விரல் வெச்சுப் படிச்சா. எழுத்து நமக்குத் தெரியாத எழுத்து. ஆனா நம்பர் எங்கயும் நம்பர்தானே. அவளுக்கு அது போதும்.

"இங்க பாருங்க. ஒன்பதாம் நம்பர். மூணே காலுக்கு கிளம்புது. மூணு அம்பத்தஞ்சுக்கு கடைசி ஸ்டாப். நாலு பத்துக்கு அங்கிருந்து எடுக்கறான். நாலு அம்பதுக்கு இங்க வந்துடறோம். தங்க முடியாது, சரி, கடைசி ஸ்டாப்பாவது பாத்துட்டு வந்துடலாம்."

பஸ் வந்து நின்னுச்சு. டிரைவர் ஒரு பொம்பள, நாப்பது வயசு இருக்கும், கையில வெள்ளைக் கையுறை. அவங்க கிட்ட என் பொண்டாட்டி கைய ஆட்டி ஆட்டி என்னமோ கேட்டா. அவங்க வாட்சுல நாலு அம்பத தொட்டுக் காட்டினாங்க. அஞ்சு நிமிஷத்துல ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி சிரிச்சிட்டிருந்தாங்க. இவ படியில ஒரு கால வெச்சிட்டா.

நான் அவ முழங்கைய பிடிச்சேன்.

"வேண்டாம். நாலு மணிக்குள்ள உள்ள இருக்கணும்."

"நாலா? கப்பல் ஆறு மணிக்குதானே எடுக்கறான்?"

"நாலு மணிம்மா. சொன்னா கேளு. எனக்குத் தெரியாதா?"

இத நான் விளக்கமா சொல்லணும். கப்பல் ஆறு மணிக்கு கிளம்பினா, வேலைக்காரங்க நாலு மணிக்குள்ள உள்ள இருக்கணும். அது சட்டம். எங்க கூட இஸ்திரி மெஷின்ல ஒருத்தன் இருந்தான், நல்ல பையன், ஏழு நிமிஷம் லேட்டா வந்தான். அடுத்த துறைமுகத்துலயே பெட்டியோட இறக்கி விட்டுட்டாங்க. அதுலேர்ந்து, எப்பவாவது ரெண்டு மணி நேரம் வெளிய விட்டாலும், நான் மூணு மணிக்கே ஏணி கிட்ட வந்து நின்னுடுவேன்.

பயணிங்களுக்கு அஞ்சரை வரைக்கும் நேரம். அது எனக்குத் தெரியாதுன்னு இல்ல. தெரியும். ஆனா அன்னைக்கு நான் பயணின்னு என் உடம்புக்குத் தெரியல. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தினமும் காலைல கதவுக்கு அடியில ஒரு தாள் போடுவாங்க, அதுல எல்லாம் போட்டிருக்கும். நான் அந்தத் தாள எடுத்துப் படிக்கவே இல்ல. இருபத்திரண்டு வருஷமா அந்தத் தாள், குளியல் அங்கி பையிலேர்ந்து நான் வெளிய எடுத்துப் போடற குப்பை.

அவ ஒரு நிமிஷம் படியிலயே நின்னா. டிரைவர் காத்திருந்தாங்க. அப்புறம் கால கீழ எடுத்துட்டா.

"உங்க கப்பல். உங்களுக்குத்தானே தெரியும்"னா.

கோவமா சொல்லல. நம்பி சொன்னா. அதுதான் இன்னும் உறுத்துது.

டிரைவர் தோள ஒரு தடவ குலுக்கிட்டு கதவ மூடினாங்க. மூணரைக்கு நாங்க கப்பல்ல இருந்தோம். நான் மூச்சு விட்டேன். அவ முகம் கழுவிட்டு, மேசை மேல கிடந்த அந்தத் தாள எடுத்துப் பாத்தா. பாத்துட்டு நாலா மடிச்சு தண்ணி ஜக்குக்கு அடியில வெச்சா.

மேல் தளத்துக்கு வந்து கம்பிய பிடிச்சு நின்னோம். கீழ ஜனங்க இன்னும் வெளிய போயிட்டே இருந்தாங்க. ஒருத்தன் குழந்தைய தோள்ல உக்கார வெச்சிட்டு, ஐஸ்க்ரீம் வாங்கக் கிளம்பின மாதிரி, மெதுவா இறங்கிப் போனான். எனக்கு அப்பவும் உறைக்கல. 'இவனுக்கு எவ்வளவு தைரியம் பாரு'ன்னு நினைச்சேன்.

அவ மேட்டையே பாத்துட்டிருந்தா. வீடுங்களுக்கு நடுவுல ரோடு வளைஞ்சு வளைஞ்சு போச்சு. மஞ்சப் புள்ளியா ஒன்பதாம் நம்பர் ஏறிட்டிருந்துச்சு. ஒரு வளைவுல மறையும், அடுத்ததுல தெரியும்.

"கடைசி ஸ்டாப்ல என்ன இருக்கும்னு நினைக்கறீங்க?"

"என்ன இருக்கும். ஒண்ணும் இருக்காது"ன்னேன்.

அஞ்சு மணிக்கு ஸ்பீக்கர்ல சத்தம் வந்துச்சு. பயணிகள் அனைவரும் திரும்ப இன்னும் முப்பது நிமிஷம் இருக்குன்னு. அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. அவ பக்கம் திரும்பினேன். அவ ஸ்பீக்கர் பொட்டியத்தான் பாத்துட்டிருந்தா.

"நல்லா சொல்றான். அவசரமே இல்லாம சொல்றான். நம்ம ஸ்டாண்டுல இப்படி சொன்னா பஸ் போயே போயிடும்."

"நான் வந்து..."

"விடுங்க. பஸ் எங்க போயிடப் போகுது? அடுத்த வருஷம் ரோட்டு வழியாவே வருவோம். அப்ப உங்க நாலு மணி இருக்காது."

ரூமுக்குப் போறப்ப என் கைய பிடிச்சிட்டுதான் வந்தா. நான் மன்னிப்பு கேக்கல. கேட்டா அது பெருசா ஆயிடும்னு தோணுச்சு. அடுத்த வருஷம் போறோமே, அப்ப அந்தப் படியில நின்னு கேட்டுக்கலாம்னு வெச்சுட்டேன்.

ஊருக்கு வந்து நாலாவது மாசம். ஒரு சாதாரண நாள். காலைல ஒன்பது நாப்பது பஸ்ஸ சொன்னா. ஒன்பது அம்பது பஸ்ஸ சொல்லல. அந்த டிரைவர் இஞ்சின ஓட விட்டுட்டு காத்திருந்திருக்கான். பின்னாடி பத்து மணி வண்டியும் நின்னுடுச்சு. அதுக்குப் பின்னாடியும் ஒண்ணு. அப்புறம்தான் ஒருத்தன் இறங்கிப் போய் கண்ணாடி ரூமுக்குள்ள எட்டிப் பாத்திருக்கான். மைக்க ஆன்ல விட்டபடியே மேசைல தல சாஞ்சிருந்தா. ஃபேன் சத்தம் மட்டும் ஸ்டாண்டு பூரா கேட்டுட்டிருந்துச்சாம்.

எங்களுக்குப் புள்ளைங்க இல்ல. மச்சினன் ஒரு மாசம் கூட இருந்தான். அவன் ஒரு தடவ கூட கேலி பண்ணல. அதுதான் தாங்க முடியல.

நான் அந்தத் துறைமுகத்துக்குக் கிளம்பறேன்னு சொன்னப்ப, "ப்ளேன்ல போயிட்டு வந்துடுங்க மாமா, ஒரே நாள்"னான்.

"ரோட்டு வழியா போறேன்டா. அவ அப்படித்தான் சொன்னா."

பதினோரு நாள் ஆச்சு. பஸ், ரயில், மறுபடி பஸ். எனக்கு இந்த மாதிரி பயணம் வராது. எல்லா ஸ்டாண்டுக்கும் ஒன்றரை மணி நேரம் முன்னாடி போய் பையோட நின்னேன். ராத்திரி தரை ஆடாம இருந்தா தூக்கம் வரல. ஒரு ஊர்ல ஜன்னல் வழியா ஒரு குளம் நல்லா தெரிஞ்சுச்சு, இறங்கிட்டேன். காலைல டீ குடிச்சேன். டீக்கடைக்காரர் கிட்ட ஸ்டாண்டுக்கு வழி கேட்டேன், அது எதிர்லயே இருந்தாலும். அவர் என்ன ஒரு மாதிரி பாத்துட்டு கைய நீட்டினாரு.

அந்தத் துறைமுக ஊருக்கு மத்தியானம் வந்து சேந்தேன். அன்னைக்கு ஒரு கப்பல் நின்னுட்டிருந்துச்சு. என் கப்பல் இல்ல, ஆனா எல்லாம் ஒரே மாதிரிதான். பஸ் நிறுத்தத்துல அதே டைம் டேபிள், வெயில்ல வெளுத்திருந்துச்சு. மூணே காலுக்கு ஒன்பதாம் நம்பர் வந்துச்சு. அதே டிரைவர், அதே வெள்ளைக் கையுறை. அவங்களுக்கு என்ன அடையாளம் தெரியல. எப்படித் தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை பேர் படியில கால வெச்சிட்டு எடுக்கறாங்களோ.

நான் ரெண்டு காலயும் வெச்சேன். ஜன்னல் சீட்டு காலியா இருந்துச்சு. அத விட்டுட்டு பக்கத்து சீட்டுல உக்காந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் கப்பல் தெரிஞ்சுச்சு, ஒவ்வொரு தடவையும் சின்னதா. கடைசியா பாத்தப்ப தேஞ்சு போன சோப்புக் கட்டி மாதிரி இருந்துச்சு.

மூணு அம்பத்தஞ்சுக்கு பஸ் நின்னுச்சு. எல்லாரும் இறங்கிட்டாங்க. நானும் இறங்கினேன்.

அங்க ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்துச்சு, உக்காந்தேன். சரியா நாலு மணிக்கு என் கால் தானா எந்திரிச்சுச்சு. நான் எந்திரிக்கல, கால்தான் எந்திரிச்சுச்சு. அத மறுபடி உக்கார வைக்க கொஞ்ச நேரம் ஆச்சு.

நாலு பத்துக்கு டிரைவர் இஞ்சின போட்டாங்க. திரும்ப வரியான்னு கையால கேட்டாங்க. தலைய ஆட்டினேன், வரலன்னு. பஸ் ஒரு வட்டம் போட்டு கீழ இறங்கிப் போயிடுச்சு. நாலு அம்பதுக்கு அது கீழ இருக்கும். கப்பலுக்கு நடந்து போக பத்து நிமிஷம். அவ சொன்ன கணக்கு சரி. இன்னும் அர மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும்.

எதிர்ல ஒரு சின்ன விடுதி. அத நடத்தற அம்மா கொடியில விரிப்பு காயப் போட்டிருந்தாங்க. காத்துல அது பாய் மாதிரி உப்பிட்டு நின்னுச்சு. தனியா மடிக்க முடியாம, ஒரு முனைய தாடைல இடுக்கிட்டு தடுமாறிட்டிருந்தாங்க. நான் போய் இன்னொரு முனைய பிடிச்சேன். நாலு மூலையும் ஒண்ணா நிக்கற மாதிரி மடிச்சுக் குடுத்தேன். மொத்தம் ஆறு விரிப்பு. கடைசி விரிப்புல எனக்கு முகத்த மூடிக்க வேண்டியதாப் போச்சு. அந்தம்மா ஒரு ரூம் சாவிய எடுத்துட்டு வந்தாங்க.

இப்ப பதினேழு நாளா இங்கதான் இருக்கேன். யார் கிட்டயும் பேச பாஷை தெரியல. அதனாலதான் எழுதறேன்.

நீ கேட்ட. நான் ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லிட்டேன். இருக்கும்மா. ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கு. ஒரு முடிவெட்டுற கடை இருக்கு, கண்ணாடில விரிசல். சைக்கிள் டயர்ல மண் போட்டு செடி வளத்திருக்காங்க. ஒரு தண்ணிக் குழாய் இருக்கு, சரியா மூடாது, சொட்டிட்டே இருக்கும். கீழேர்ந்து ஏறி வர்ற டிரைவர் கையுறைய கழட்டி அதுலதான் முகம் கழுவுறாங்க. கடல் தெரியும். இங்கேர்ந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு.

தினமும் மூணு அம்பத்தஞ்சுக்கு நான் பெஞ்சுக்கு வந்துடறேன். சில நாள் ரெண்டு பேர் இறங்குவாங்க, சில நாள் யாரும் இறங்க மாட்டாங்க. நாலு மணிக்கு கால் எந்திரிக்கும். இப்ப கொஞ்சம் பழகிடுச்சு, ஒரு தடவ நின்னுட்டு உக்காந்துடும்.